சாரணியர் முகாமில் ஒரு பிஸ்மில்லாஹ்



ஜகாத் பங்கீட்டில் நம்மிடையே நிகழும் தவறுகளைப் பற்றி இம்மாதம் எழுதுவதாகச் சென்ற இதழில் வாக்களித்திருந்தேன். இன்ஷா அல்லாஹ், அதனை அடுத்த இதழில் காண்போம். இப்போது சொல்லப்போவது ஒரு சிறுமியைப் பற்றிய செய்தி. அதில் நான் செய்த பிழை ஒன்றும் அடங்கியிருக்கிறது. பிறர் தவறுகளை எழுதுவதற்கு முன்னால் என் தவறை எழுதிவிடுவதே முறை என எனக்குப் பட்டது.

2024-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஓரிரவு, இஷா தொழுதுவிட்டு வீடு திரும்பியபோது, பாரிசை அடுத்த புறநகர் ஒன்றிலிருந்து கைபேசியில் ஒரு செய்தி வந்திருந்தது. அனுப்பியவர் சிறுவயதில் காரைக்காலில் என்னிடம் குர்ஆன் ஓதியவர். காரைக்காலுக்கும் ஃபிரான்சுக்கும் உள்ள உறவை நம் வாசகர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. 1954 நவம்பரில் நிருவாகம் இந்தியாவின் கைக்கு வந்து, 1962-இல் ஒப்பந்தம் முழுமை பெற்றபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பாரிசைச் சுற்றியுள்ள ஊர்களில் வாழ்ந்து வருகிறார்கள். இவரும் அப்படிப்பட்ட குடும்பத்தில் பெண் எடுத்துச் சென்றவர்.

அவர் எழுதியிருந்தது இதுதான். ஒன்பது வயதான அவருடைய மகளின் வகுப்புத் தோழி, வார இறுதிகளில் கழுத்தில் ஒரு துணியை முடிந்துகொண்டு காட்டுக்குப் போகிறாள், கூடாரம் அடிக்கிறாள், விறகில் சமைக்கிறாள். தானும் போக வேண்டும் என்று மகள் ஒரு மாதமாக நச்சரிக்கிறாள். அது சிறுமியர் மட்டுமே உள்ள சாரணியர் படை. ஆகவே தாய்க்குச் சம்மதம். ஆனால் அது அவ்வூர்க் கத்தோலிக்கத் தேவாலயத்தைச் சார்ந்தது. "ஹஜ்ரத், சேர்க்கலாமா?"

நான் யோசிக்கவில்லை. "வேண்டாம் தம்பி. பிள்ளையின் ஈமான் இளங்குருத்து. மாற்றார் நிழலில் அதை வைக்காதீர்கள்" என்று இரண்டு வரி எழுதி அனுப்பிவிட்டு உறங்கிப்போனேன்.

நான்காம் நாள் அஸருக்குப் பிறகு அச்சிறுமியின் பாட்டியார் மதரஸாவின் வாசலுக்கே வந்துவிட்டார். எழுபதைத் தாண்டிய மூதாட்டி. தெருவில் அவரைப் பெரியம்மா என்றே எல்லோரும் அழைப்போம்.

"ஹஜ்ரத்து, ஒண்ணு கேக்கட்டுமா? நான் கன்னியாஸ்திரி பள்ளிக்கூடத்துல எட்டாவது வரைக்கும் படிச்சவ. அந்தப் பிள்ளைகளுக்கு வேதப்பாடம் நடக்கும்போது எங்களைத் தனியா உக்கார வெச்சு நீதிபோதனை நடத்துவாங்க. ஒரு நாளும் சிலுவை போடச் சொன்னதில்லை. என் நோன்பு ஒண்ணாவது தவறியிருக்கான்னு என் மருமகளைக் கேட்டுப் பாருங்க. நீங்க அந்த இடத்தைப் பத்தி விசாரிச்சுத்தான் வேணாம்னு எழுதுனீங்களா?"

விசாரிக்கவில்லை. ஒரு மஸ்அலாவுக்கு விடை கூறுமுன் அதன் உருவத்தை முழுமையாக அறிந்துகொள்ள வேண்டும் என்று ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவன் நான். அந்தப் பாடத்தை வாசற்படியில் நின்று எனக்கே ஒருவர் நடத்தும்படி ஆயிற்று. "தவறுதான் பெரியம்மா. விசாரித்துச் சொல்கிறேன்" என்றேன். அன்றிரவே பாரிசுக்கு, என் முதல் விடையை நிறுத்தி வைக்கும்படி எழுதினேன். கூடவே கேள்விகள் சிலவற்றையும் அனுப்பி, படைத்தலைவியிடமும் பாதிரியாரிடமும் நேரில் கேட்டு வரும்படி கூறினேன். அவர் கேட்டு வருவதற்குள் நானும் கொஞ்சம் படித்துக்கொண்டேன். கல்லூரியில் வரலாறு பயின்ற பழக்கம் இன்னும் விடவில்லை.

நிற்க. சாரணர் இயக்கம் பிறந்த கதை உங்களிற் பலர் அறிந்ததே. 1907-இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் சிறுவர்களைக் கூட்டி முதல் முகாமை நடத்தினார். 1909-இல் இலண்டன் கிறிஸ்டல் பேலஸ் திடலில் நடந்த அணிவகுப்பில், எவரும் அழையாமலேயே சிறுமியர் சிலர் வந்து நின்றார்கள். அவர்களை என்ன செய்வதென்று தெரியாமல் விழித்து, மறு ஆண்டில் அவர்களுக்கெனச் சாரணியர் இயக்கத்தை ஏற்படுத்தி, அதனைத் தம் தங்கை ஆக்னஸிடம் ஒப்படைத்தார் பேடன் பவல். ஆக, இவ்வியக்கத்தில் பெண்பிள்ளைகளின் வருகையே அழையா விருந்தாளியாகத்தான் தொடங்கிற்று.

இந்தியாவுக்கு வந்தபோது நிலைமை இன்னும் மோசம். 1909-ஆம் ஆண்டை ஒட்டி இங்கே தொடங்கிய படைகளில் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் பிள்ளைகளுக்கே இடம். நம் பிள்ளைகளுக்கு இல்லை. அதனால்தான் அன்னிபெசண்ட் அம்மையார் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கென ஒரு சாரணர் சங்கத்தை அமைக்க வேண்டியிருந்தது. பிரிந்து கிடந்தவை ஒன்றாகி, பாரத சாரணர் இயக்கம் உருவானது 1950 நவம்பர் 7-இல். சாரணியர் வந்து இணைந்தது 1951 ஆகஸ்டு 15-இல். இன்று நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் பள்ளியில் நீலப்பறவையாகவும் சாரணியராகவும் இருக்கிறார்கள். அவர்கள் எடுக்கும் உறுதிமொழியில் இறைவனுக்கு ஆற்றும் கடமையே முதலில் வருகிறது.

ஃபிரான்சின் கதைதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அந்நாட்டுக் கத்தோலிக்கருள் பலர் முதலில் சாரணர் இயக்கத்தை ஐயத்தோடுதான் பார்த்தார்கள். அது ஆங்கிலேயர் கண்டது. புரொட்டஸ்டண்டு மண்ணில் முளைத்தது. நம் பிள்ளைகளின் விசுவாசம் அங்கே கலைந்துபோகும் என்பது அவர்களது அச்சம். நான் பாரிசுக்கு எழுதிய இரண்டு வரியைத்தான் அவர்கள் அன்றைக்குத் தம் ஏடுகளில் எழுதினார்கள் போலும்! ஆனால் ழாக் செவன் என்னும் இயேசு சபைத் துறவி 1913-இல் இங்கிலாந்துக்கே சென்று, பேடன் பவலைக் கண்டு, முகாம்களை நேரில் பார்த்து வந்தார். விசாரித்தார் என்பதைக் கவனியுங்கள். பின்னர் 1920-இல் கத்தோலிக்கச் சிறுவருக்கான சாரணர் சங்கம் எழுந்தது. 1923-இல் சிறுமியருக்காக 'கித் த ஃபிரான்ஸ்' எழுந்தது. அதன் இளையோர் பிரிவுக்கு, ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற ழான் தார்க் என்னும் வீரப்பெண்ணின் நினைவாக 'ழனெத்' என்று பெயர் சூட்டினார்கள். 2004-இல் இவ்விரு சங்கங்களும் ஒன்றாக இணைந்தன. இவையன்றிக் கத்தோலிக்கச் சாரணர் சங்கங்கள் வேறு சிலவும் அங்குண்டு. நம் சிறுமி சேர விரும்பிய படை எதன் கிளை என்பதை நான் இங்கே குறிப்பிடப் போவதில்லை. அது அக்குடும்பத்தின் சொந்த விஷயம்.

நம்மவரும் வாளாவிருக்கவில்லை. பிரெஞ்சு ஆட்சியின் கீழ் அல்ஜீரியாவில் முஸ்லிம் சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்தவர் முஹம்மது பூராஸ். 1941-இல் பிரெஞ்சு ஆட்சியினர் அவரைச் சுட்டுக் கொன்றனர். அவர் வளர்த்த படைகளிலிருந்து விடுதலைப் போராளிகள் பலர் எழுந்தார்கள். ஃபிரான்சிலேயே 1990-களின் தொடக்கத்தில் ஷைகு காலித் பிந்தூனஸ் அவர்களின் முயற்சியால் முஸ்லிம் சாரணர் சங்கம் ஒன்று தோன்றிற்று. 1940-இல் கத்தோலிக்கரும் புரொட்டஸ்டண்டு கிறிஸ்தவரும் யூதரும் மதச்சார்பற்றோரும் சேர்ந்து அமைத்த சாரணர் கூட்டமைப்பில் பின்னாளில் அதுவும் இடம்பெற்றது. "அப்படியானால் அதிலேயே சேர்த்துவிடலாமே" என்று எழுதினேன். அவருடைய ஊரில் அதற்குக் கிளை இல்லை என்று விடை வந்தது. அருகில் தெரியும் வாசல் ஒன்றுதான்.

பத்து நாள் கழித்து, தேவாலயத்தை அடுத்த சிறு கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடந்தது. நம் மாணவர் மனைவியோடு சென்றார். படைத்தலைவி இருபது வயதுக் கல்லூரி மாணவி. ஊதியம் பெறாமல் உழைப்பவர். முஸ்லிம் குடும்பம் இவர்கள் மட்டும். தம் மகள் கடவுள் நம்பிக்கையில்லாத வீட்டிலிருந்து வருவதாகக் கூறிய தம்பதியும் இருந்தனராம்.

நான் அனுப்பிய கேள்விகளை அவர் ஒளிக்காமல் கேட்டார். அவர்களும் ஒளிக்காமல் விடை சொன்னார்கள். இரவில் எங்கே உறங்குவார்கள்? ஆறு வயதைத் தாண்டிய ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் தனித்தனி இடங்களில்தான் உறங்க வேண்டும் என்பது அந்நாட்டில் எல்லா முகாம்களுக்கும் உரிய அரசு விதி. இதுவோ சிறுமியர் மட்டுமே உள்ள படை. உணவு? முகாமுக்கு முன் பெற்றோர் நிரப்பித் தரும் உடல்நலப் படிவத்தில், பிள்ளை எதை உண்ணக்கூடாது என்பதை எழுதிவிடலாம். பன்றி இறைச்சி மட்டுமன்று, ஹலால் அல்லாத எந்த இறைச்சியும் வேண்டாம் என்று எழுதினார். அப்படியானால் முட்டையும் மீனும் பருப்பும் என்றார் தலைவி. கட்டணம்? அங்குள்ள பெரிய கத்தோலிக்கச் சாரணர் சங்கத்தில் வருமானத்துக்கேற்பச் சந்தாத் தொகை மாறுமாம். இங்கும் ஏறத்தாழ அவ்வாறே. ஏழை வீட்டுப் பிள்ளை பணமின்றித் திரும்பிப் போகக்கூடாது என்பது நோக்கம். இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நம் ஊர்க் கோடைகால தீனிய்யாத் வகுப்புகளில் சிலவற்றின் கட்டணம் இப்போது என்னவென்று விசாரித்துப் பாருங்கள்!

பிறகு வழிபாட்டைப் பற்றிக் கேட்டார். இங்கேதான் நான் சற்று விரிவாக எழுத வேண்டும்.

தலைவி சொன்னாராம்: "நாங்கள் கத்தோலிக்கர். அதை மறைத்துக்கொண்டு உங்கள் மகளை அழைக்க மாட்டோம். சாப்பிடுமுன் நன்றி கூறிப் பாடுவோம். மாலையில் இறைவனை வேண்டுவோம். ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்குப் போவோம். உங்கள் மகள் எங்கள் சொற்களைச் சொல்ல வேண்டியதில்லை. எங்களோடு பேசாமல் அமர்ந்திருக்கலாம்; அல்லது வேறொரு தலைவியோடு வெளியே இருக்கலாம். நற்கருணையை அவளுக்குக் கொடுக்க மாட்டோம். அது எங்கள் மார்க்கத்தாருக்கே உரியது. ஆனால் அவளும் இறைவனை நினைக்கிறவள் என்றால், அவள் எப்படி நினைக்கிறாள் என்று எங்கள் பிள்ளைகள் தெரிந்துகொள்ள விரும்புவார்கள்."

பாதிரியார் ஒரு சொல்லை மட்டும் சேர்த்தாராம். உறுதிமொழி எடுப்பது கட்டாயமில்லை; பிள்ளை தானே முன்வந்து கேட்டால்தான் உண்டு; அப்போது அதன் வாசகத்தைப் பெற்றோரோடு அமர்ந்து பேசுவோம் என்பது.

இதைப் படித்தபோது என் அச்சம் பாதி கரைந்தது. ஏன் தெரியுமா? "எங்களிடம் மதமே கிடையாது, எல்லாம் ஒன்றுதான், கவலைப்படாதீர்கள்" என்று அவர்கள் கூறியிருந்தால் நான் ஐயுற்றிருப்பேன். தம் நம்பிக்கையின் எல்லை எங்கே என்று தெரிந்தவருக்கே, பிறர் நம்பிக்கையின் எல்லை எங்கே தொடங்குகிறது என்பதும் தெரியும். நற்கருணை உனக்கில்லை என்று சொல்வது வெளித்தோற்றத்துக்கு விலக்கலாகத் தெரியலாம். நம் பிள்ளையைப் பொறுத்தவரை அதுதான் பாதுகாப்பு.

இத்தகைய திறந்த மனப்பான்மைக்கு ஒரு பின்புலம் உண்டு. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட 'நோஸ்த்ரா ஏத்தாத்தே' என்னும் அறிக்கை, முஸ்லிம்களை மதிப்போடு நோக்குவதாகக் கூறி, பழைய பகைமைகளை மறந்து இரு சாராரும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள முயலும்படி கேட்டுக்கொண்டது. அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் நடந்தவற்றை வரலாற்று மாணவனாகிய நான் மறந்துவிடவில்லை. ஆயினும் ஒரு சமுதாயம் தன் முடிவை மாற்றி எழுதும்போது அதைக் குறித்துக்கொள்வதும் நீதியே.

மற்றுமொன்று. ஃபிரான்சில் 1905-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசும் மதமும் பிரிக்கப்பட்டன. 2004-இல் வந்த சட்டமோ அரசுப் பள்ளி மாணவர்கள் தலைத்துணி முதலிய வெளிப்படையான மத அடையாளங்களை அணிவதைத் தடுத்துவிட்டது. ஆக, நம் சிறுமி வாரம் முழுதும் பயிலும் இடத்தில் இறைவனைப் பற்றிய பேச்சே எழுவதில்லை. வார இறுதியில் அவள் போக விரும்பும் இடத்திலோ அவனைப் பற்றித் தயங்காமல் பேசுகிறார்கள்; நம்மைப் போல் அல்ல, அவர்கள் முறையில். இவ்விரண்டில் எது அவளுக்கு அதிகக் கேடு என்று என்னால் உடனே தீர்மானிக்க இயலவில்லை.

எங்கள் மதரஸாவிலேயே மூத்த ஆசிரியர் ஒருவர் இன்றளவும் என்னோடு உடன்படவில்லை. அவர் சொல்வதையும் நான் சொல்லியாக வேண்டும். "பெரியம்மா படித்தது பள்ளிக்கூடம். அங்கே கணக்கும் பூகோளமும் நடந்தன. இதுவோ இரவு நேரத் தீ, பாட்டு, கூட்டுச் சிரிப்பு. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நம் நாற்பது பயான்கள் ஏறாத இடத்தில் ஒரு பாட்டு ஏறிவிடும். அவள் யாருடைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வளர்வாள் என்பதுதான் கேள்வி" என்றார். மேலும், "நம் நாட்டில் அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவு இருக்கிறது. அரசின் ஏற்போ உதவியோ பெற்ற கல்வி நிலையம், பெற்றோர் சம்மதமின்றி நம் பிள்ளையை மத வழிபாட்டில் கலந்துகொள்ள வைக்க முடியாது. அங்கே என்ன இருக்கிறது? அந்தத் தலைவியின் வாக்கு ஒன்றுதானே!" என்றும் கேட்டார். அவர் கூற்று வலுவானது. பாட்டைப் பற்றி அவர் சொன்னது உண்மை என்பதை, குழந்தைகளை வளர்த்த எவரும் அறிவர்.

நான் முப்தி அல்லன். தீர்ப்பு வழங்கும் தகுதி எனக்கில்லை. ஓர் ஆசிரியன் என்ற முறையில் நான் பாரிசுக்கு எழுதியது இவ்வளவே: "சேர்க்கலாம். ஆனால் அவளை அனுப்பும் முன், தான் யார் என்பதைச் சொல்லத் தெரிந்தவளாக அனுப்புங்கள். ஈஸா (அலை) அவர்களைப் பற்றி நாம் என்ன நம்புகிறோம், அவர்கள் என்ன நம்புகிறார்கள், எங்கே இணைகிறோம், எங்கே பிரிகிறோம் என்பதை எளிய சொற்களில் கற்றுக்கொடுங்கள். மர்யம் அத்தியாயத்தின் பொருளை அவளோடு அமர்ந்து படியுங்கள். திருப்பலிக்கு உள்ளே வேண்டாம், வெளியே இருக்கட்டும். ஒவ்வொரு முகாமுக்குப் பின்பும் அவள் சொல்வதைக் கேளுங்கள். குறுக்கு விசாரணை செய்யாதீர்கள்."

மர்யம் அத்தியாயத்தை நான் குறிப்பிட்டதற்குக் காரணமுண்டு. மக்கத்துக் குறைஷியரின் கொடுமை தாளாமல், 615-ஆம் ஆண்டளவில் முஸ்லிம்கள் சிலர் அபிசீனியாவுக்குப் புறப்பட்டுச் சென்றபோது, அடைக்கலம் தந்தவர் கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷி. அவரது அவையில் ஜஃபர் (ரலி) அவர்கள் ஓதியது அவ்வத்தியாயத்தின் தொடக்கத்தைத்தான். மறுநாள், ஈஸா நபியைப் பற்றி உங்கள் கொள்கை என்ன என்று மன்னர் நேராகக் கேட்டார். தஞ்சம் புகுந்த இடம். தவறான விடை உயிருக்கே உலை வைக்கும். எனினும் அவர்கள் மழுப்பவில்லை. அல்லாஹ்வின் அடிமை, அவனுடைய தூதர் என்றே சொன்னார்கள். அடைக்கலம் தொடர்ந்தது.

அந்த அக்டோபரில் சிறுமி படையில் சேர்ந்தாள்.

முதல் இரு நாள் முகாமிலேயே ஒரு பிழை நேர்ந்தது. விளையாட்டில் வென்ற குழுவுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். அங்கே விற்கும் மெல்லும் மிட்டாய்கள் பலவற்றில் பன்றியிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் கலந்திருக்கும். பன்றி இறைச்சியை நினைவில் வைத்திருந்த தலைவிக்கு மிட்டாய் நினைவில் வரவில்லை. சிறுமி மூன்று மிட்டாய்களைத் தின்ற பிறகு, வேறொரு சிறுமி உறையைப் படித்துச் சொல்லியிருக்கிறாள். அன்றிரவே தலைவி தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். குரல் தழுதழுத்ததாம். தகப்பனார் கோபத்தோடுதான் எனக்கு எழுதினார். அறியாமல் உண்டதற்குக் குற்றமில்லை. அதுவும் அவள் பருவமடையாத பிள்ளை. வாயைக் கொப்பளித்தால் போதும் என்று எழுதினேன். ஒளித்துவிட்டிருந்தால் உங்களுக்குத் தெரிந்தே இருக்காதே என்றும் எழுதினேன். அடுத்த முகாமிலிருந்து எல்லோருக்குமே பேரீச்சம்பழம் கொடுக்கிறார்களாம். இதில் மற்றச் சிறுமியருக்கு அவ்வளவாக மகிழ்ச்சியில்லை என்றும் கேள்வி!

இன்னொரு முகாமில் நடந்ததைச் சிறுமியே குரற்செய்தியாக எனக்கு அனுப்பினாள். பாதி தமிழ், பாதி பிரெஞ்சு. அவள் தாய்தான் பொருள் சொன்னார். நிலப்படமும் திசைகாட்டியும் கொண்டு வழி கண்டுபிடிக்கும் பயிற்சி நடந்திருக்கிறது. "உன் தொழுகைத் திசை எது?" என்று தோழி கேட்க, இவள் தெரியவில்லை என்றிருக்கிறாள். வீட்டில் வாப்பா விரிக்கும் முஸல்லாவின் பக்கம்தான் அவளுக்குத் தெரியும். தலைவி உலகப்படம் ஒன்றைக் கொண்டுவர, ஆறு சிறுமியரும் மண்டியிட்டு அமர்ந்து மக்காவைத் தேடியிருக்கிறார்கள். பாரிசிலிருந்து கிப்லா வடக்கிலிருந்து வலமாக ஏறத்தாழ 119 பாகை, அதாவது தென்கிழக்கு. அதைத் திசைகாட்டியில் வைத்து, ஒரு கிளையை நட்டு அடையாளம் செய்தார்களாம். அவள் தொழுது முடிக்கும்வரை மற்றவர்கள் அடுப்பருகே சத்தமிடாமல் இருந்தார்கள். உணவு வேளையில் அவர்கள் நன்றிப் பாட்டைப் பாடி முடித்ததும் ஒரு கணம் நிறுத்துவார்கள். அவள் பிஸ்மில்லாஹ் சொல்வாள். பிறகே கரண்டிகள் அசையும். இது எவரும் விதித்த விதியன்று, தானாகப் பழகிவிட்டது என்கிறார் தாய்.

டிசம்பரில் எனக்கு மீண்டும் ஒரு சோதனை வந்தது. பெத்லஹேமில் ஈஸா (அலை) பிறந்ததாகக் கிறிஸ்தவர்கள் கருதும் தேவாலயத்தின் விளக்கிலிருந்து சுடரேற்றி, ஐரோப்பா முழுதும் கைமாற்றிக் கொண்டுசெல்லும் வழக்கம் 1986-இல் ஆஸ்திரியாவில் தொடங்கியது. அமைதியின் ஒளி என்று அதற்குப் பெயர். சாரணர்களே அதனை ஊர் ஊராக எடுத்துச் செல்கிறார்கள். நம் சிறுமியும் ஒரு கண்ணாடிக் கூண்டு விளக்கோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். "ஹஜ்ரத், இதை வீட்டில் வைக்கலாமா?" இரண்டு நாள் யோசித்தேன். வீட்டில் வைத்துப் போற்றுவது அவர்களின் பண்டிகையோடு ஒட்டிய செயல். நமக்கு அது வேண்டாம். ஆனால் அடுத்த வீட்டில் தனியாக வாழும் கிறிஸ்தவ மூதாட்டிக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுப்பது அண்டை வீட்டாருக்குச் செய்யும் உதவி. அணையாமல் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லுங்கள் என்று எழுதினேன். என் கோடு சரியான இடத்தில்தான் விழுந்ததா என்பதில் இன்னும் எனக்கு ஐயமுண்டு. உங்களுள் மார்க்கம் கற்றோர் திருத்தி எழுதினால் இப்பகுதியிலேயே வெளியிடக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இவ்வளவையும் எழுதும்போது என் மனம் பாரிசில் நிற்கவில்லை. எங்கள் மதரஸா வாசலுக்கே வந்து நிற்கிறது. நஜ்ரானிலிருந்து கிறிஸ்தவத் தூதுக்குழு மதீனாவுக்கு வந்ததும், அவர்களின் தொழுகை நேரம் வந்தபோது பெருமானார் (ஸல்) அவர்களின் பள்ளியிலேயே கிழக்கு நோக்கித் தொழ அவர்களை விட்டுவிடும்படி பெருமானார் கூறியதும் சீரா நூல்களில் உள்ள செய்தி. அதை மேடையில் சொல்லும்போது நாம் பெருமிதம் கொள்கிறோம். சென்ற ஏப்ரலில் எங்கள் கோடைகால வகுப்பில் சிறுமியருக்குக் கயிறாட்டமும் கைவேலையும் வைத்திருந்தோம். அடுத்த தெருவிலிருந்து மாற்று மதச் சிறுமியர் இருவர் நான்கு நாட்கள் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தார்கள். ஐந்தாம் நாள் வரவில்லை. உள்ளே வா என்று எவரும் அவர்களை விரட்டியதுமில்லை, அழைத்ததுமில்லை. வந்தால் எந்த நேரத்தில் அவர்கள் எங்கே அமர்வார்கள், ஓதும்போது என்ன செய்வார்கள், என்ன உண்பார்கள், அவர்கள் பெற்றோருக்கு நாம் என்ன சொல்வோம் என்பதற்கு எங்களிடம் விடை எதுவும் இல்லை. அந்த இருபது வயதுத் தலைவியிடம் இருந்தது. இவ்வாண்டு நிருவாகக் கூட்டத்தில் இதனை முன்வைத்திருக்கிறேன். எனக்கு எதிர்வாதம் செய்யும் அதே மூத்த ஆசிரியர்தான், வியப்பாக, "கேள்விகளை முதலில் எழுதுவோம்" என்று சொல்லியிருக்கிறார்.

2025 ஜூலையில் பெரிய முகாம் நடந்தது. அங்கே அம்மாதத்தில் சூரியன் மறைய இரவு மணி பத்தை நெருங்கிவிடும். இஷா நள்ளிரவை ஒட்டி வரும். தொழுகை கடமையாகாத வயதுதானே, பழக்கத்துக்காக முடிந்ததைத் தொழட்டும். தூக்கத்தைக் கெடுத்து எழுப்ப வேண்டாம் என்று தகப்பனாருக்குச் சொல்லியிருந்தேன். உறுதிமொழியை அவள் இன்னும் எடுக்கவில்லை. அடுத்த ஆண்டு கேட்கப் போகிறாளாம். வாசகத்தைப் பற்றிப் பேச அப்போது என்னையும் தொலைபேசியில் இருத்தப் போவதாகத் தகப்பனார் அச்சுறுத்தியிருக்கிறார்.

பெரியம்மா போன வாரம் பேத்தியின் நிழற்படத்தைக் கொண்டுவந்து காட்டினார். கழுத்துத் துணியின் முடிச்சைச் சுட்டி, "இது என்ன முடிச்சு ஹஜ்ரத்து?" என்றார். எனக்குத் தெரியவில்லை. கூடவே முகாமிலிருந்து பேத்தி கேட்டனுப்பிய கேள்வியொன்றையும் சொன்னார். காலையில் அடுப்பு மூட்டுவது அவள் குழுவின் முறை. ஈர விறகு. ஒளூ செய்துவிட்டுத்தான் அடுப்பருகே போகிறாள். புகை பட்டுக் கண்ணீர் வழிந்தால் ஒளூ முறிந்துவிடுமா?

முறியாது என்று எழுதியிருக்கிறேன்.